குதிரையின் கதை கூறிய அம்மையார்

உலகில் வாழும் உயிர்கள் எண்ணிறந்தன. அவற்றுள் தம் துன்பத்தைச் சொல்லால் எடுத்துரைக்கும் ஆற்றல் மக்களுக்கே உரியது. பசித்த குழந்தை அழுகின்றது. நோயுற்றவன் மருத்துவனிடம் முறையிடுகின்றான். அநீதிக்கு ஆளானவன் மன்றம் ஏறி வழக்குரைக்கின்றான். வாயில்லா விலங்குகளுக்கோ இவ்வழிகள் ஒன்றும் இல்லை. அவற்றுள்ளும் குதிரையின் நிலை இரங்கத் தக்கது. நாய் அடிபட்டால் ஊளையிடும். பசு கன்றைப் பிரிந்தால் கதறும். குதிரையோ முதுகில் புண் இருப்பினும், வாயில் இரும்பு உறுத்தினும், குளம்பில் கல் குத்தினும் பெரும்பாலும் வாய் திறவாது நடக்கும். பேசாத அவ்விலங்கின் உள்ளத்தை அறிந்து, அதற்காகத் தாம் பேசிய பெருமாட்டி ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். அவரே அன்னா சூவெல் அம்மையார்.

பிறப்பும் வளர்ப்பும்

இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையில் நார்போக்கு என்னும் கோட்டம் உள்ளது. அதில் யார்மத்து என்னும் துறைமுக நகரில், 1820 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30 ஆம் நாள் அன்னா பிறந்தார். தந்தையார் ஐசக்கு சூவெல். தாயார் மேரி அம்மையார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிலிப்பு என்னும் தம்பி பிறந்தான். அவர்கள் குவேக்கர் என்னும் கிறித்தவ சமயப் பிரிவைச் சார்ந்த குடும்பத்தினர். எளிய உடை, அளந்த பேச்சு, எவ்வுயிர்க்கும் தீங்கு எண்ணாமை ஆகியவை அப்பிரிவினர் போற்றி வந்த ஒழுக்கங்களாம்.

அன்னா பிறந்த சில காலத்திற்குள் குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தது. ஆங்கே ஐசக்கு தொடங்கிய வாணிகம் நட்டத்தில் முடிந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பொருள் போதவில்லை. ஆயினும் மேரி அம்மையார் மனந்தளரவில்லை. தாமே ஆசிரியராகி, இரு மக்களுக்கும் வீட்டிலேயே கல்வி கற்பித்தார். பாட நூல்கள் வாங்கக் கையில் பணம் இல்லாதபோது, சிறுவர்க்குரிய நூல் ஒன்றைத் தாமே எழுதி, அதனால் வந்த ஊதியத்தைக் கொண்டு நூல்கள் வாங்கினார். ஏட்டுக் கல்வியோடு அவர் நின்றுவிடவில்லை. செடி கொடிகளையும், பூச்சி புட்களையும் கூர்ந்து நோக்கவும், அவற்றிடம் அன்பு பாராட்டவும் தம் மக்களைப் பழக்கினார்.

தாய் ஊட்டிய அன்பு மகளின் உள்ளத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். ஒரு நாள் வேடன் ஒருவன் சுட்ட பறவை அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் வந்து விழுந்தது. அதனை எடுத்துச் செல்ல விரும்பி அவன் வாயிலில் வந்து கேட்டான். சிறுமி அன்னா அவன் முன் நின்று, அவன் செய்த கொடுமையை முகத்துக்கு நேரே கடிந்து கூறிப் பறவையைத் தர மறுத்துவிட்டாள். இயல்பில் அடக்கமுடைய அக்குழந்தை, ஓர் உயிருக்குத் தீங்கு நேர்ந்தபோது அச்சம் இன்றிப் பேசியது. பின்னாளில் உலகமே கேட்கப் பேசிய குரலின் தொடக்கம் அதுவே எனலாம்.

விடுமுறைக் காலங்களில் அன்னாவும் பிலிப்பும் நார்போக்கில் பக்சுடன் என்னும் சிற்றூரில் இருந்த தாய்வழிப் பாட்டனார் பண்ணைக்குச் செல்வர். அப்பண்ணையில்தான் அன்னா குதிரையேற்றம் பயின்றார். அக்காலத்து ஆங்கிலப் பெண்டிர் இரு கால்களையும் ஒரு பக்கமாக வைத்தே சேணத்தில் அமர்வர். அங்ஙனம் அமர்ந்து செலுத்துவோர் கால்களால் குதிரையை அடக்குதல் அரிது. கையின் மென்மையும் உடலின் நிதானமும் வேண்டும். இவ்விரண்டும் அன்னாவுக்கு இளமையிலேயே கைவந்தன.

விதி செய்த கொடுமை

அன்னா முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்றது தம் பன்னிரண்டாம் வயதில்தான். கல்வியில் அவருக்கு இருந்த வேட்கை பெரிது. ஓவியம் தீட்டுவதிலும் அவர் வல்லவராய் விளங்கினார். இரண்டு ஆண்டுகள் இனிது கழிந்தன. பதினான்காம் வயதில் ஒரு நாள் பள்ளியிலிருந்து வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நனையாமல் வீடு சேரும் விரைவில் ஓடிய சிறுமி வழியில் சறுக்கி விழுந்தாள். கணுக்கால்கள் இரண்டும் பெரிதும் ஊறுபட்டன.

இற்றைநாள் மருத்துவத்தில் இதுபோன்ற ஊறுகளைக் குணப்படுத்தும் வழிகள் பல உள்ளன. அந்நாளிலோ எலும்பின் உள்நிலையைக் காட்டும் எக்சு கதிர்க் கருவியும் இல்லை. நோயின் மூலமும் விளங்கவில்லை. கால்கள் முற்றும் குணமடையவே இல்லை. ஊன்றுகோலின்றி நெடுநேரம் நிற்கவோ, சிறிது தொலைவு நடக்கவோ அன்னாவால் இயலாது போயிற்று. ஓடியாடித் திரிய வேண்டிய பதினான்கு வயதில் நடை இழந்த அச்சிறுமி, அதன் பின் நாற்பத்து நான்கு ஆண்டுகள் அந்நிலையிலேயே வாழ வேண்டியிருந்தது.

மகளின் நலங்கருதி 1836 ஆம் ஆண்டில் தந்தையார் பிரைட்டன் என்னும் கடற்கரை நகரில் வங்கி அலுவல் ஒன்றை ஏற்றார். கடற்காற்று நலம் தரும் என்பது அவர் நம்பிக்கை. நலம் வரவில்லை. பிறகு 1846 ஆம் ஆண்டிலும், அதன் பின்னரும் ஐரோப்பாவின் நீர் மருத்துவ ஊர்களுக்கு அன்னா சென்று வந்தார். சில வேளை சற்றே தேறுவார்; மீண்டும் பழைய நிலைக்கே திரும்புவார்.

குதிரையே காலாயிற்று

நடக்கும் கால்கள் நலிந்தன. ஆயினும் அன்னா மூலையில் முடங்கிவிடவில்லை. அவருக்கு நான்கு கால்கள் துணையாக வந்தன. சிறு வண்டி ஒன்றில் மட்டக்குதிரையைப் பூட்டித் தாமே ஓட்டிக்கொண்டு ஊரெல்லாம் சென்று வந்தார். நாள்தோறும் வங்கிப் பணிக்குச் செல்லும் தந்தையாரைப் புகைவண்டி நிலையத்தில் கொண்டு விடுவதும், மாலையில் அழைத்து வருவதும் அவருடைய வேலை ஆயின. மழையிலும் பனியிலும் அவ்வேலை தவறியதில்லை.

நாளும் ஒரு குதிரையோடு பழகுகின்றவர் அதன் மொழியை அறிந்துகொள்வர். குதிரைக்கு நா பேசாது. ஆனால் காது பேசும். காதுகள் முன்னோக்கி நிமிர்ந்தால் அது எதனையோ கூர்ந்து கவனிக்கின்றது என்பது பொருள்; பின்னோக்கித் தலையோடு ஒட்டிப் படிந்தால் சினமோ அச்சமோ கொண்டது என்பது பொருள். மூச்சு அதன் களைப்பைக் காட்டும். வியர்வை அதன் உழைப்பைக் காட்டும். ஒரு காலை மட்டும் மெல்ல ஊன்றுமானால் குளம்பிடுக்கில் கல் சிக்கியுள்ளது என்று உணர்தல் வேண்டும். இவற்றையெல்லாம் அன்னா தம் பட்டறிவாலேயே கற்றார். நடக்க இயலாதவராகையால், தமக்குக் காலாய் உதவும் உயிரின் ஒவ்வோர் அசைவும் அவருக்கு முக்கியமாயிற்று.

அவர் வண்டி ஓட்டும் முறை கண்டோர்க்கு வியப்பை அளித்தது. மற்றவர் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்துச் சவுக்கைச் சொடுக்கி ஓட்டுவர். அன்னாவோ வாரைக் கையில் தளர்த்திப் பிடித்திருப்பார். குரலாலேயே குதிரைக்கு வேண்டும் குறிப்பைத் தருவார். மேட்டில் ஏறும்போது ஊக்கமொழி கூறுவார். சேறுள்ள இடத்தில் பொறுமையாகச் செல்லுமாறு வேண்டுவார். நல்லறிவுடைய தோழர் ஒருவரோடு உரையாடுவது போன்றே அவர் தம் குதிரையோடு உரையாடினார். அதுவும் அக்குரலுக்குப் பணிந்து, அடி ஒன்றும் படாமலே செவ்வனே சென்றது. அவருடன் வண்டியில் சென்ற தோழி ஒருவர் இதனைக் கண்டு வியந்து பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளார்.

தொண்டும் குடும்பமும்

அன்னா மணம் புரிந்துகொள்ளவில்லை, பெற்றோருடனேயே வாழ்ந்தார். மேரி அம்மையார் தம் அறுபதாம் வயதை அடுத்துப் பாட்டுகள் புனையத் தொடங்கினார். எளிய மக்களுக்கு நல்லொழுக்கம் புகட்டும் அப்பாட்டுகள் பெரும் புகழ் பெற்றன. அவற்றுள் ஒன்று பத்து இலக்கம் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. தாய் எழுதும் ஒவ்வொரு வரியையும் முதலிற் கேட்டுக் குற்றங் குறைகளைக் களைபவர் மகளே. மிகையான சொல்லையும் வீணான அணியையும் அவர் ஏற்கமாட்டார். இப்பயிற்சி பின்னர் அவர் எழுதிய நூலின் தெளிந்த நடைக்கு அடிப்படையாயிற்று.

குடும்பம் பல ஊர்களில் மாறி மாறி வாழ்ந்தது. சென்ற இடந்தோறும் தாயும் மகளும் ஏழை மக்களுக்குத் தொண்டு செய்தனர். உழவர்களும் கூலியாட்களும் மாலை வேளையில் எழுதப் படிக்கக் கற்பதற்கு உதவினர். அத்தொண்டினால், உழைத்துப் பிழைக்கும் மக்களின் வறுமையையும் கவலையையும் அன்னா நேரிற் கண்டறிந்தார். விலங்கை வருத்தும் கைகள் பல, பிறரால் வருத்தப்பட்ட கைகளே என்னும் உண்மை அவருக்கு விளங்கிற்று.

தம்பி பிலிப்பின் மனைவியார் 1866 ஆம் ஆண்டில் ஏழு மக்களை விட்டு இறந்தார். தாயற்ற அக்குழந்தைகளுக்கு அருகில் இருக்க வேண்டும் என்று எண்ணி, சூவெல் குடும்பத்தினர் 1867 ஆம் ஆண்டில் நாரிச்சு நகரை அடுத்த பழைய கேட்டன் என்னும் ஊரில் வந்து தங்கினர். அதுவே அன்னாவின் இறுதி இல்லம் ஆயிற்று.

கண்ட கொடுமைகள்

தாமே ஓடும் ஊர்திகள் பிறவாத காலம் அது. புகைவண்டி தோன்றிவிட்டது எனினும், அதன் நிலையத்திற்கு ஆளையும் பொருளையும் சுமப்பது குதிரையே. ஏர் உழுவது, பால் கொணர்வது, நிலக்கரி இழுப்பது, செல்வரின் சாரட்டை ஈர்ப்பது, ஏழையின் பிரேத வண்டியைச் சுமப்பது ஆகிய அனைத்தும் குதிரையின் பணிகளே. நாட்டின் வாழ்வு முழுவதும் அதன் தோள்மீதே நின்றது. விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் 1822 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் இயற்றப்பட்டது. 1824 ஆம் ஆண்டில் அதற்கென ஒரு கழகமும் அமைந்தது. ஆயினும் சட்டம் தெருவில் அடிப்பவனைத் தண்டிக்குமேயன்றி, நாகரிகத்தின் பெயரால் நடக்கும் கொடுமையைத் தண்டிக்கவில்லை.

அத்தகைய கொடுமை ஒன்று செல்வர் வீடுகளில் நிலவியது. வண்டிக் குதிரை தலையை உயரத் தூக்கிக் கழுத்தை வில்போல் வளைத்து நிற்பதே அழகு என்று அந்நாளில் கருதினர். அதற்காகக் கடிவாளத்திலிருந்து முதுகுச் சேணத்திற்கு ஒரு குறுகிய வாரை இழுத்துக் கட்டினர். அவ்வாரினால் குதிரை தலையைத் தாழ்த்த இயலாது. சுமையுடன் மேட்டில் ஏறும் குதிரை இயல்பாகத் தலையைத் தாழ்த்தி, உடலின் எடையை முன்செலுத்தி இழுக்கும். தலைதூக்கும் வாரோ அந்த வலிமையைத் தடுத்துவிடும். வாய் கிழியும், கழுத்து நோகும், மூச்சு முட்டும். வாயில் நுரை தள்ளத் தலையை ஆட்டித் தவிக்கும் குதிரையைக் கண்டு, அது மிடுக்குடன் விளங்குவதாக உரியவர் மகிழ்வர். எட்டுவர்டு பிளவர் என்னும் பெரியார் 1875 ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தைக் கண்டித்து நூல் ஒன்று வெளியிட்டார். அறிஞர் சிலர் அதனைப் போற்றினர். ஆனால் குதிரையோடு நாளும் பழகும் குதிரைக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் அக்கருத்து சென்று சேர வேண்டுமே! அப்பணி அன்னாவுக்காகக் காத்திருந்தது.

காலனோடு போட்டி

1871 ஆம் ஆண்டில் அன்னாவின் உடல்நலம் மிகவும் குன்றியது. மருத்துவர் ஆராய்ந்து, இன்னும் பதினெட்டுத் திங்களே அவர் உயிர் வாழக்கூடும் என்று கூறினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அதுவரை அவர் தம் பெயரில் ஒரு நூலும் எழுதியவரல்லர். சாவு வாயிலில் நிற்கின்றது என்பதை அறிந்தவர் பலர் சோர்ந்து படுப்பர். அன்னாவோ தமக்கு எஞ்சிய காலத்தில் குதிரைகளுக்குச் செய்ய வேண்டிய கடன் ஒன்று உண்டு என்று எண்ணினார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில், ஒரு குதிரையின் வரலாற்றை எழுதத் தொடங்கியதாகத் தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்தார்.

பணி எளிதாக இல்லை. எழுந்து அமரவும் வலுவில்லாத நாள்கள் பல. மாதக் கணக்கில் எழுத்து நின்றுபோகும். சற்று வலுப்பெறும் வேளையில், சாய்வுக் கட்டிலிற் கிடந்தவாறே சிறு சிறு தாள்களில் எழுதுகோலால் சில வரிகள் எழுதுவார். அதுவும் இயலாதபோது வாயாற் சொல்லுவார். எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த தாயார் அவற்றை அழகுறப் படியெடுப்பார். ஒரு காலத்தில் தாயின் எழுத்தைத் திருத்திய மகளுக்குத் தாயே எழுத்தாளராய் உதவினார்.

வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலாத நிலையிலும் அன்னா உண்மையைத் தேடி அறிந்தார். வாயிலில் வந்து நின்ற வாடகை வண்டிக்காரர் ஒருவரைப் பலகணி அருகே அழைத்து, அவர் தொழிலின் இன்ப துன்பங்களைக் கேட்டறிந்தார். வாரம் ஏழு நாளும் ஓய்வின்றி உழைப்பதால் வண்டிக்காரனும் குதிரையும் படும் பாட்டை அவர் எடுத்துரைத்தார். கேட்டவை அனைத்தும் நூலில் இடம் பெற்றன. மருத்துவர் குறித்த பதினெட்டுத் திங்கள் கடந்தன. ஆறு ஆண்டுகள் சென்றன. 1877 ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் நூலின் அச்சுப்படிகள் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. உடல் தோற்றுக்கொண்டே வந்தது, உள்ளம் வென்றது.

நூலின் சிறப்பு

அந்நூலின் பெயர் பிளாக்கு பியூட்டி; கரிய அழகன் என்பது அதன் பொருள். கதை முழுவதையும் குதிரையே தன் வாயாற் கூறுவதாக அன்னா அமைத்தார். குதிரையின் மொழியிலிருந்து தாம் பெயர்த்து எழுதியதாகவே முகப்பிற் குறித்தார். மக்கள் குதிரையைப் பற்றிப் பேசிய நூல்கள் முன்னரும் உண்டு. குதிரை மக்களைப் பற்றிப் பேசும் நூல் அந்நாளில் புதுமையாய்த் தோன்றியது.

கரிய அழகன் ஒரு நல்ல பண்ணையாளரிடம் பிறந்து வளர்கின்றது. அவர் அதனைப் பழக்கும் முறை படிப்போர்க்கு ஒரு பாடமாகும். முதலிற் கையால் தடவிக் கொடுத்து அச்சம் போக்குகின்றார்; பின்னர்ச் சிறிது தீனி கொடுத்து, அன்புமொழி கூறிக் கடிவாளத்தை வாயில் இடுகின்றார்; அதன் பின் சேணம்; அதன் பின் இலாடம்; இறுதியில் வண்டி. புகைவண்டியைக் கண்டு மருளாதிருக்க, இருப்புப் பாதை ஓரத்தில் உள்ள புல்வெளியில் சில நாள் மேயவிடுகின்றார். முதல் வண்டி வரும்போது மிரண்டு ஓடிய குட்டி, நாளடைவில் தலைநிமிராமலே மேயக் கற்கின்றது. அதனோடு பழகும் ஜிஞ்சர் என்னும் பெட்டைக் குதிரையோ இளமையில் முரட்டு ஆட்களால் வன்முறையில் அடக்கப்பட்டது. ஆதலின் அது கடிக்கவும் உதைக்கவும் கற்றது. குதிரையின் தீக்குணம் பிறவியில் வந்ததன்று. பழக்கியவர் கையில் வந்தது என்பதை இவ்விரு குதிரைகளின் வரலாறும் காட்டுகின்றன.

கொடுமை மட்டுமன்று, அறியாமையும் உயிரைக் கொல்லும் என்பதை மற்றொரு நிகழ்ச்சியால் அன்னா விளக்கினார். தலைவியின் உயிர்காக்க நள்ளிரவில் மருத்துவரை அழைத்துவர ஓடிய கரிய அழகன், வியர்வை ஒழுக வீடு திரும்புகின்றது. அன்று லாயத்தில் இருந்த சிறுவன் நல்லவன். ஆனால் தொழில் அறியாதவன். உடல் சூடாக இருப்பதைக் கண்டு போர்வை வேண்டா என்று எண்ணினான். குளிர்ந்த நீரை வயிறு நிறையக் குடிக்க வைத்தான். தன் கடமை முடிந்தது என்று சென்று உறங்கினான். குதிரை கடுங்குளிர் கண்டு சாவின் விளிம்புவரை சென்றது. ஓடிக் களைத்த குதிரையை வைக்கோலால் தேய்த்து உலர்த்தி, போர்வை போர்த்தி, சூடான தவிட்டுக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்னும் அறிவை எத்தனையோ லாயங்களுக்கு இப்பகுதி வழங்கியது. அறியாமல் செய்தேன் என்பது குற்றத்தைக் குறைக்கலாம், துன்பத்தைக் குறைக்காது.

பின்னர்க் கரிய அழகன் கை மாறி மாறிச் செல்கின்றது. சீமாட்டி ஒருத்தியின் வீட்டில் தலைதூக்கும் வாரால் வதைபடுகின்றது. குடிவெறியில் இருந்த குதிரைக்காரன் ஒருவன், கழன்ற இலாடத்தைக் கவனியாது கல் நிறைந்த பாதையில் இரவில் விரட்ட, அது இடறி வீழ்ந்து முழங்கால்கள் உடைகின்றன. ஓட்டியவனும் உயிர் துறக்கின்றான். வடுப்பட்ட குதிரைக்குச் செல்வர் வீட்டில் இடமில்லை. இலண்டனில் வாடகை வண்டி இழுக்கின்றது. அங்கே ஜெரி என்னும் நல்ல வண்டிக்காரன் அதனைத் தன் மக்களில் ஒருவனைப் போலப் பேணுகின்றான். பழைய தோழி ஜிஞ்சரையும் அங்கே காண்கின்றது. எலும்பும் தோலுமாய் உழைத்துத் தேய்ந்த அது, சாவையே விரும்பி நிற்கின்றது. இவ்விடத்தைப் படித்துக் கண்ணீர் உகுக்காதார் அரியர். இறுதியில் கரிய அழகன் அன்புடைய இல்லம் ஒன்றை அடைகின்றது. அங்கே குதிரைக்காரனாய் இருப்பவன், முன்னாளில் அறியாமையால் அதற்கு நோய் வருவித்த அச்சிறுவனே! நெற்றியில் உள்ள வெள்ளைச் சுட்டியைக் கொண்டு அவன் அதனை அடையாளம் காண்கின்றான். அன்று பிழை செய்தவன் இன்று தொழில் கற்றுத் தேர்ந்து அதனைக் காக்கின்றான்.

இந்நூல் இன்று சிறுவர் நூலாகக் கருதப்படுகின்றது. அன்னா எழுதிய நோக்கம் அதுவன்று. குதிரையோடு தொழில் செய்வோர் அதனை அன்பும் பரிவும் அறிவும் கொண்டு நடத்த வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆதலின் எழுத்தறிவு குறைந்தோர்க்கும் விளங்கும் எளிய நடையில் எழுதினார். வண்டிக்காரரை அவர் பழிக்கவும் இல்லை. நாள் வாடகை கட்ட இயலாமல், தானும் பட்டினி கிடந்து குதிரையையும் விரட்டும் ஏழையின் நிலையை இரக்கத்துடன் காட்டினார். அவசரத்துக்கு மிகுதிப் பணம் தருவதாகக் கூறிக் குதிரையை விரட்டச் சொல்லும் பயணிக்கும் பழியில் பங்குண்டு என்று உணர்த்தினார்.

மறைவும் புகழும்

நாரிச்சு நகரத்துச் சாரோல்டு பதிப்பகத்தார் ஒரே தடவையாக ஒரு சிறு தொகை கொடுத்து நூலின் உரிமையைப் பெற்று, 1877 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அதனை வெளியிட்டனர். நூல் மக்களிடையே பரவத் தொடங்கியதை அன்னா அறிந்தார். ஆனால் அதன் முழுப் பயனைக் காண அவருக்கு வாய்ப்பில்லை. நூல் வெளிவந்த ஐந்து திங்களில், 1878 ஆம் ஆண்டு ஏப்பிரல் 25 ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் உயிர் நீத்தார்.

அடக்க நாளன்று அவர் உடலைக் கொண்டு செல்ல வண்டி வந்து வாயிலில் நின்றது. பலகணி வழியே நோக்கிய மூதாட்டி மேரி அம்மையார் திடுக்கிட்டார். வண்டியிற் பூட்டிய குதிரைகளின் தலைகளை அதே கொடிய வார் தூக்கிக் கட்டியிருந்தது! ஒரே மகளை இழந்து நின்ற அத்தாய், தம் துயரைச் சற்றே ஒதுக்கி வைத்து, கீழே இறங்கிச் சென்று அவ்வார்களை அவிழ்த்துவிடும்படி பணித்தார். வார்கள் அவிழ்ந்தன, குதிரைகள் தலை தாழ்த்தின. அங்ஙனம் இயல்பாய்த் தலை தாழ்த்திய குதிரைகளே, அன்னாவைப் பக்சுடனை அடுத்த இலாமாசு என்னும் சிற்றூரின் இடுகாட்டிற்குச் சுமந்து சென்றன. அவர் குதிரையேற்றம் பயின்ற பண்ணைக்கு அண்மையிலேயே அவர் துயில்கின்றார்.

நூலின் புகழ் அதன் பின்னரே கடல் கடந்தது. அமெரிக்க நாட்டில் விலங்குகளின் நலத்துக்காக உழைத்த சார்சு ஏஞ்செல் என்பார், 1890 ஆம் ஆண்டில் அதனை அந்நாட்டில் அச்சிட்டு, வண்டிக்காரருக்கும் லாயங்களில் வேலை செய்வோருக்கும் பரப்பினார். பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. உலகெங்கும் ஐந்து கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயின என்பர். தலைதூக்கும் வார் படிப்படியாக மதிப்பிழந்து வழக்கொழிவதற்கு இந்நூலும் பெருந்துணை புரிந்தது. வாழ்நாளெல்லாம் எழுதிக் குவித்தோர் பலர் மறக்கப்பட்டனர். ஒரே ஒரு நூல் எழுதிய அம்மையார் நிலைபெற்றுவிட்டார்.

அவர் நினைவாகத் தம்பி மகளார் 1917 ஆம் ஆண்டில் நாரிச்சு நகரின் சாலைக் கூட்டில் குதிரைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றை அமைத்தார். பாரம் இழுத்துக் களைத்து வந்த குதிரைகள் அங்கே நின்று நீர் பருகின. தமக்காகப் பேசியவர் பெயரால் அமைந்த தொட்டி அது என்பதை அவை அறியமாட்டா. நீர் பருகுவதற்கு அவை தடையின்றித் தலை தாழ்த்தின. அன்னா அம்மையார் வேண்டியதும் அதுவே.

வண்டிக் குதிரைகள் இன்று அருகிவிட்டன. ஆயினும் மனிதன் கையை நம்பி வாழும் உயிர்கள் வீடுதோறும் உள்ளன. கட்டுத்தறியில் நிற்கும் மாடும், வாயிலிற் படுத்திருக்கும் நாயும் தம் குறையைச் சொல்ல அறியா. அவற்றின் கண்ணையும் காதையும் நடையையும் நோக்கிக் குறிப்பறிந்து உதவுவதே அறிவுடையார் கடன். நடக்க இயலாத ஒருவர் படுக்கையில் இருந்தவாறே அக்கடனை ஆற்றினார் எனின், உடல் நலமும் இளமையும் பெற்ற மாணவர் செய்யத் தக்கது எத்துணைப் பெரிது!